நாளைக்கும் இதே படியில்தான்

போன வார அத்தியாயத்தின் கடைசியில் சுருதி மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுப் படுத்தாள் அல்லவா? படுத்ததோடு சரி. வேங்கிக்கால் வீட்டு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே விடிந்துவிட்டது. எழுந்து பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தெரிந்த முகத்துக்கு இருபத்திரண்டு வயது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவளை அந்தக் கோலத்துக்கு ஆளாக்கியது காதலும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஒரு சஞ்சிகை. சட்டக் கல்லூரி மாணவர்களே நடத்தும் ‘சமநோக்கு’. பெண்களைப் பற்றியும், அவர்களுக்காக அரசு போடும் சட்டதிட்டங்கள் பற்றியும் அதில் கட்டுரைகள் வரும். வேலைக்குச் சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது. ஆலோசகர் என்று பெயர் போட்டுக்கொள்ளும் பேராசிரியர் அட்டையைத் தாண்டிப் படித்ததும் கிடையாது. இறுதியாண்டு படிக்கும் சுருதிதான் ஆசிரியர். அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி, அவர்கள் தொட்டுக்கூடப் பார்க்காத ஆங்கிலத்தில் எழுதி என்ன பயன் என்று சண்டை போட்டு, இந்த இதழில் தமிழ்ப் பகுதி ஒன்றைத் தொடங்கியவளும் அவள்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

சமநோக்கில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கட்டுரையை எழுதியவர் யார் என்பது நிர்வாகம் பார்க்கும் வேதாவுக்கு மட்டும் தெரியும். அதைப் படித்துத் திருத்துபவர் யார் என்பது சுருதிக்கு மட்டும் தெரியும். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காமல் இருக்க அந்த ஏற்பாடு. தமிழ் திருத்த ஆள் கிடைக்காமல் அலைந்து அலுத்துப்போய், எம்.ஏ. தமிழ் படித்த தன் அம்மா குசுமாவதியிடமே சுருதி தாள்களைக் கொடுத்துவிட்டாள். அம்மா ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வேதாவைக் கேட்டால், திருத்துபவர் ‘யாரோ ஒரு டீச்சர்’.

வினை அங்கேதான் முளைத்தது. வந்த கட்டுரைகளில் ஒன்று, மாவட்ட அலுவலகம் ஒன்றில் நடந்ததைச் சொன்னது. மேலதிகாரி தன்னிடம் தப்பாக நடந்தார் என்று ஒரு பெண் புகார் கொடுக்கிறாள். உள்ளகப் புகார்க் குழு கூடுகிறது. பாதிக்கப்பட்டவள் கேட்டால்தான் சமரசம் பேசலாம் என்பது சட்டம். அவள் வாயாலேயே கேட்க வைத்துவிடுகிறார்கள். குழுவின் தலைவர் அவளிடம், “நாளைக்கும் இதே படியிலதானே ஏறணும்?” என்கிறார். அவள் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள்.

வேலை மும்முரத்தில் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு அம்மாவிடம் கொடுத்தவள், திருத்தி வந்த பிறகுதான் அதை நிதானமாகப் படித்தாள். அந்த வாக்கியம் அவள் வீட்டு வாக்கியம். உறவில் அண்ணன் தம்பி சண்டையோ, அடுத்த வீட்டோடு தகராறோ, எதுவாக இருந்தாலும் அம்மா அதைச் சொல்லித்தான் முடித்து வைப்பாள். போதாததற்கு, ‘தலைவர்’ என்ற சொல்லை அம்மாவின் சிவப்புப் பேனா அடித்துவிட்டு மேலே ‘உறுப்பினர்’ என்று எழுதியிருந்தது.

அம்மா தன் அலுவலகப் புகார்க் குழுவில் உறுப்பினர்.

இதழ் வெளியாகும் நாளும் வந்துவிட்டது. அம்மாவிடம் சுருதி இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பௌர்ணமி கிரிவலம்டி இன்னிக்கு” என்றபடி குசுமாவதி புடவை மடிப்பைச் சரிசெய்தாள். “பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவான். ஆபீஸ்லயும் பந்தோபஸ்து வேலை ஜாஸ்தி. நான் வர நேரமாச்சுன்னா பொழுது இருக்கும்போதே அப்பாவ சாப்பிட வெச்சிடு.”

தமிழ்ச் சமணரான நயினார் வீடு அது. பொழுது சாய்ந்துவிட்டால் யாரும் தட்டில் கை வைக்கமாட்டார்கள்.

“நீ?” என்றாள் சுருதி.

“வந்தா சாப்பிடறேன். வரலன்னா இல்ல. புதுசா என்ன?”

அம்மாவின் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம் இருந்ததைச் சுருதி அப்போதுதான் கவனித்தாள். கேட்கலாமா என்று வாயெடுத்தாள். அதற்குள் அம்மா செருப்பை மாட்டிவிட்டாள்.

சற்று நேரத்தில் வேதா கூப்பிட்டாள்.

“சுருதி, ஒரு வம்பு. அந்த சமரசக் கட்டுரைய எழுதினவங்க திருத்தத்துக்கு ஒத்துக்கல. ‘தலைவர்’னே இருக்கணுமாம். மாத்தினா கட்டுரையவே திருப்பிக் குடுத்துடுங்கறாங்க.”

“திருத்தம் தப்புன்னு சொல்றாங்களா?”

“அதுதான் வேடிக்கை. தப்புன்னு சொல்லல. மாத்தாதீங்கன்னு மட்டும்தான் சொல்றாங்க. உன் டீச்சர் அந்த ரூம்ல இருந்தாங்களான்னு வேற கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

“சாயங்காலம் சொல்றேன்.”

“சாயங்காலம் இதழ இணையத்துல ஏத்தறதா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்.”

ஞாபகம் இல்லாமலா? சுருதி போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுதியவரின் சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது என்பது சமநோக்கின் விதி. பொய் என்று தெரிந்ததைப் போடக்கூடாது என்பது அதைவிடப் பெரிய விதி. ‘தலைவர்’ என்று போட்டால், சொல்லாதவர் தலையில் பழி. ‘உறுப்பினர்’ என்று போட்டால், உள்ளே நடந்தது இவ்வளவு துல்லியமாக வெளியே எப்படி வந்தது என்று கேட்பார்கள். ஆசிரியர் யார் மகள் என்று பார்ப்பார்கள். குழுவில் நடந்ததை வெளியே சொன்னால் சட்டப்படி தண்டனை உண்டு. அம்மாவுக்கு ஓய்வுபெற ஒரு வருஷம்தான் பாக்கி.

தாங்கமுடியாமல் அப்பாவிடம் கொட்டிவிட்டாள். கூட்டுறவு வங்கியில் காலம் முழுவதும் உட்கார்ந்து எழுந்து, இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஜீவகுமார், பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. உங்கம்மா தன் பேனாவால கெட்டிருக்கா” என்றார் கடைசியில்.

“அப்பா, விளையாட்டு இல்ல இது.”

“சரி, உன் புத்தகத்த எத்தன பேர் படிப்பாங்க?”

“எழுதினவங்க. அவங்க வீட்டுக்காரங்க. அப்புறம் யாருக்குக் கோவம் வருமோ அவங்க கட்டாயம் படிப்பாங்க.”

அவர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். “தலைவரும் வேணாம், உறுப்பினரும் வேணாம். ‘குழுவில் இருந்த ஒருவர்’னு போட்டுடு. பொய்யும் இல்ல. யார் மேலயும் இல்ல. முடிஞ்சுதா?”

சுருதிக்கு உச்சியில் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. இத்தனை நாளாக இது தனக்கு ஏன் தோன்றவில்லை? உடனே மடிக்கணினியைத் திறந்து அப்படியே மாற்றினாள். படித்துப் பார்த்தாள். வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதையாவது அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் பார்த்து அம்மாவின் அலுவலகத்துக்கு நடந்தாள். வேலூர் ரோட்டில் துணிப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக ஜனம் மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஒரு திக்கில் போக, அவள் மட்டும் எதிர்த்திக்கில் போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

குசுமாவதி அலுவலக வாசல்படியின் ஓரக் கட்டையில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் டப்பாவை மூடினாள்.

“இன்னிக்காவது கேக்க வந்தியே” என்றாள்.

சுருதி படியருகே வந்து நின்றாள். “ஏம்மா திருத்தின?”

“திருத்தக் குடுத்த. திருத்திக் குடுத்தேன்.”

“தமிழத் திருத்தத்தான் குடுத்தேன். உள்ள நடந்தத இல்ல. வெளிய சொல்லக்கூடாதுன்னு உங்க ஆபீஸ் செவுத்துலயே ஒட்டியிருக்கு.”

“ஒட்டினதே நான்தான்.”

“அப்புறம் என்னம்மா?”

குசுமாவதி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “எங்க பெரிய மேடம்தான் தலைவர். அன்னிக்கு அவங்க வாயே தொறக்கலடி. போனப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. பேசினது பூரா நான். அவங்க சொல்லாதத அவங்க தலையில எப்படிக் கட்டறது? அந்த எடம் வந்ததும் கை தானா அடிச்சிடுச்சு. அடிச்சப்புறம்தான் என்ன காரியம் பண்ணிட்டேன்னு ஒறைச்சுது. வேற தாள் எடுத்து வெச்சிடலாமான்னு பாத்தேன். மனசு வரல.”

“ஏன் அப்படிச் சொன்ன, புகார் குடுத்தவங்ககிட்ட?”

அம்மா டப்பா மூடியை அழுத்திக்கொண்டே பேசினாள்.

“அவள ஆரணிப் பக்கம் தூக்கிப் போட்டுடலாம்னு பேச்சு வந்துச்சு. சின்னப் புள்ளைய வெச்சிக்கிட்டு அவ்ளோ தூரம் போயி வர முடியுமா? சமாதானமாப் போனா இங்கயே இருக்கலாமேன்னு நெனச்சேன். நல்லதுக்குத்தான் சொன்னேன், சுருதி. சத்தியமா நல்லதுக்குத்தான்.”

அப்போது தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் வெளியிலிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். படியில் நான்கு பேர் ஏறலாம்; ஆனாலும் குசுமாவதி சட்டென்று எழுந்து ஒதுங்கி வழிவிட்டாள். கண்காணிப்பாளர் எழுந்து நிற்பதும் தபால் பிரிவுப் பெண் ஏறுவதும் எந்த அலுவலகத்திலும் நடக்கிற காரியம் இல்லை.

“சாப்டீங்களா மேடம்?” என்றாள் அந்தப் பெண்.

“ஆச்சும்மா.”

“பொண்ணுங்களா? லா படிக்கறவங்க?”

“ஆமாம்மா.”

அவள் சுருதியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல நினைத்தவள் போல நின்று, பிறகு தலையை மட்டும் அசைத்துவிட்டுப் படியேறினாள். அவள் உள்ளே போய் மறையும்வரை குசுமாவதி நின்றுகொண்டே இருந்தாள்.

யார் என்று சுருதி கேட்கவில்லை. அம்மா பெயரைச் சொல்லவும் இல்லை. புகார் கொடுத்தவள் அவள்தான் என்று சுருதிக்குத் தெரிந்துவிட்டது.

“அவன் மாடியில அதே ரூம்ல அதே சீட்டுல இருக்கான்” என்றாள் குசுமாவதி தணிந்த குரலில். “இவள கணக்குப் பிரிவுலேர்ந்து எடுத்து தபால்ல போட்டாச்சு. தினமும் இதே படியிலதான் ஏறறா. நான் சொன்னது அப்படியே பலிச்சிடுச்சு.”

சுருதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, ஒரு வழி இருக்கு. ‘குழுவில் இருந்த ஒருவர்’னு மாத்திட்டேன். யார் பேர்லயும் வராது. உனக்கும் ஒண்ணும் ஆகாது.”

குசுமாவதி சிரித்தாள். அலுத்துப்போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

“அன்னிக்கு சமாதான அறிக்கைய எழுதினதும் நான்தான். என்ன எழுதினேன் தெரியுமா? ‘இரு தரப்பிலும் மனக்கசப்பு நீங்கியது.’ யாரு, யாருக்கு, என்ன பண்ணினாங்கன்னு ஒரு வார்த்தை கெடையாது. யார் பேர்லயும் வராம. எல்லாருக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு, அவளத் தவிர.”

சுருதி கையை எடுத்துக்கொண்டாள்.

“நீ ஆசிரியர். நான் திருத்தறவ. இதுக்கு மேல நான் சொல்லக்கூடாது” என்று குசுமாவதி டப்பாவை எடுத்துக்கொண்டு படியேறத் திரும்பினாள். “வெயில்ல நிக்காத. போ.”

வீட்டுக்குத் திரும்பி நடக்கையில் சுருதிக்குக் கால் இழுத்தது. சமரசம் என்ற பேரில் பெண்களின் வாயை எப்படி அடைக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் பேசும் ஒரு கட்டுரை. அதிலேயே உட்கார்ந்து சமரசம் பண்ணப் பார்த்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஜீவகுமார் ரவை உப்புமா கிண்டி இறக்கினார். ஜன்னலுக்கு வெளியே மலைமேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. குசுமாவதி வரவில்லை. சுருதி வேதாவைக் கூப்பிட்டாள்.

“வேதா, திருத்தினது டீச்சர் இல்ல. எங்கம்மா.”

“அதனால என்ன?”

“அவங்க அந்தக் குழுவுல உறுப்பினர். அந்த வார்த்தையச் சொன்னதே அவங்கதான்.”

“இத நீ எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது, சுருதி.”

“சொல்லாம இருந்தாதான் தப்பு. இனிமே இந்தக் கட்டுரையப் பத்தி நான் முடிவெடுக்கக் கூடாது. போடறதா வேணாமான்னு நீ முடிவு பண்ணு. எழுதினவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. சொன்னவங்களே ‘நான்தான் சொன்னேன்’னு நிக்கறாங்க, இன்னும் தலைவர்னுதான் போடணுமான்னு.”

பிறகு காத்திருப்பு. ஜீவகுமார் மூன்று தட்டு வைத்தார். “உக்காரும்மா, பொழுது போகுது” என்றார். சுருதிக்கு இறங்கவில்லை. அவர் மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்தார். தெருவெல்லாம் கூட்டம். வெயில் மலையை விட்டு விலகியது. விளக்குப் போடுகிற நேரமும் வந்துவிட்டது. அவர் எழுந்து உப்புமாவை மூடி வைத்தார்.

காலையிலேயே கேட்டிருந்தால் மத்தியானம் அம்மா அரை டப்பாவோடு எழுந்திருக்கமாட்டாள் என்று சுருதிக்குத் தோன்றியது. இப்போது ராத்திரியும் பட்டினி. பாவமாக இருந்தது.

போன் அடித்தது. வேதாவின் குரல் காலையில் இருந்த குரலாக இல்லை.

“பேசிட்டேன். ‘அவங்களே சொன்னாங்களா’ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அப்புறம் அழுதாங்க.”

“எதுக்கு?”

“அவங்களுக்கு மொதல்லேர்ந்தே தெரியுமாம், சொன்னது உங்கம்மாதான்னு. புகார் குடுத்தவங்களே அவங்கதான், சுருதி. கட்டுரையும் அவங்களே எழுதினது.”

சுருதி சுவரில் சாய்ந்துகொண்டாள். படியில் நின்று தன்னைப் பார்த்த முகம் கண்முன் வந்தது.

“அப்புறம் ஏன் தலைவர்னு எழுதினாங்க?”

“நானும் கேட்டேன். அந்த நாற்காலியில உக்காந்துட்டு வாயத் தொறக்காதவங்கதான் அந்த ரூம்ல பேசின அத்தனைக்கும் பொறுப்புங்கறாங்க. அதோட, குசுமா மேடத்துக்கு ரிட்டயர்மெண்ட் வருது, அவங்க மேல வர வேணாம்னு நெனச்சேன்னாங்க.”

“இப்ப?”

“இப்ப ஒத்துக்கறாங்க. ஆனா ஒரு நிபந்தனை. இத்தன நாளா ‘பெயர் வேண்டாம்’னு இருந்தாங்க இல்ல? இப்ப பேர் போடச் சொல்றாங்க. ‘மேடம் அவங்க வார்த்தைய எடுத்துக்கறாங்கன்னா, நான் என் பேர எடுத்துக்கறேன்’னாங்க. நான் முடிவு பண்ணிட்டேன், சுருதி. போடறோம். எனக்குத் தமிழ் அடிக்க வராது, நீயே அடிச்சு ஏத்திடு. பேரு உண்ணாமலை.”

புகார் கொடுத்தவளே தன் பெயரோடு எழுதினால் சட்டம் என்ன சொல்லும்? ஐந்து வருஷம் சட்டம் படித்தவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. ‘குழுவில் இருந்த ஒருவர்’ என்பதை அழித்துவிட்டு ‘உறுப்பினர்’ என்று அடித்தாள். மேலே போய்ப் பெயரை அடித்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. குசுமாவதி உள்ளே வந்து, பையை வைத்துவிட்டு, மூடியிருந்த உப்புமாவைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“கூட்டத்துல ஆட்டோகூட வரமாட்டேன்னுட்டான். நடந்தே வந்தேன்” என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல், “பெரிய மேடம் நாளைக்கு காலையில தனியா வந்து பாருன்னாங்க. எதுக்குன்னு சொல்லல. பொண்ணு எந்த காலேஜ்னு மட்டும் கேட்டாங்க” என்றாள்.

ஜீவகுமார் மகளைப் பார்த்தார். ஒப்புதலுக்கு அனுப்பிய நகலை, அட்டையைத் தாண்டிப் படிக்காத பேராசிரியர் இந்த முறை படித்து, பெரிய மேடம் காதில் போட்டுத் தொலைத்துவிட்டாரா? சுருதி மேஜை மீதிருந்த மடிக்கணினியை இழுத்தாள்.

“அம்மா, இதப் பாரு” என்று மடிக்கணினியைத் திருப்பினாள்.

குசுமாவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். தலைப்பு. அதன் கீழே பெயர். அந்த இடத்திலேயே கண் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளோ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள்.

“இவளா எழுதினா?”

“ஆமாம்மா. நீ ஒத்துக்கிட்டதனால பேர் போடச் சொல்லியிருக்காங்க.”

அம்மாவின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று சுருதி நினைத்தாள். குசுமாவதி அழவில்லை. திரையில் விரலை வைத்தாள்.

“இனிஷியல் விட்டுட்ட பாரு. மு. உண்ணாமலை.”

அந்தப் பெயரை அந்த வீட்டில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சுருதி ‘மு’ போட்டு, புள்ளி வைத்தாள்.

“ஏத்தட்டுமாம்மா? நாளைக்கு நீ அந்த மேடம் முன்னாடி போய் நிக்கணும். அதே படியில…” அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

“அவ தினம் ஏறல?” என்று குசுமாவதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “போடு. எனக்குப் பசிக்குது. பொழுதும் போயிடுச்சு. நான் போய்ப் படுக்கறேன்.”